தொப்புளுக்கு வலப்புறம்

இன்னும் ஒரு டம்ளர் குடிக்கச் சொன்னாள் அந்தப் பெண். சண்முகவடிவு குடித்தாள். தண்ணீர் தொண்டையில் இறங்கி, நெஞ்சுக்குள் ஜில்லென்று ஒரு கோடு இழுத்து, அதற்குக் கீழே எங்கே போனதென்று தெரியாமல் மறைந்தது. நெஞ்சு வரைக்கும்தான் தனக்குத் தன் உடம்பு தெரிகிறது, அதற்குக் கீழே இருட்டு என்று அவளுக்குத் தோன்றியது. நாற்பத்தெட்டு வருஷமாக இந்த வயிற்றுக்குச் சோறு போட்டு வருகிறாள், ஒரு பிள்ளையைக்கூட இதற்குள் சுமந்தாள், ஆனாலும் உள்ளே யார் யார் இருக்கிறார்கள், யார் நல்லவர், யார் கெட்டுப்போய்விட்டார் என்று இன்றைக்கு ஒரு மிஷின்தான் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. "யூரின் முட்டிக்கிட்டு வந்தாச் சொல்லுங்கம்மா, உடனே கூப்பிடுதேன். பாதியில போயிட்டு வந்திராதீங்க, மறுபடி முதல்ல இருந்து குடிக்கணும்," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாளையங்கோட்டையில் கோர்ட்டுக்குப் பின்னால் இருக்கிற இந்த ஸ்கேன் சென்டரில் நாற்காலிகள் எல்லாம் ஸ்டீல். உட்கார்ந்தால் புட்டம் சில்லிட்டது. வடிவு முதுகு சாயாமல் முன்னால் குனிந்து உட்கார்ந்தாள். சாய்ந்தால் வலப்பக்கம் அந்த இடம் நாற்காலியில் படும். பட்டால் எரியும்.

எரியும் என்று சொல்வதா, குத்தும் என்று சொல்வதா, அதுவும் தெரியவில்லை. முந்தாநாள் கிரைண்டரிலிருந்து மாவை வழித்துக் குண்டாவைத் தூக்கியபோது முதுகில் சுருக்கென்றது. சுளுக்கு என்று நினைத்தாள். தெருவில் பாதி வீட்டுக்கு அவள் அரைத்துக் கொடுக்கிற மாவில்தான் இட்லி வேகிறது, குண்டாவைத் தூக்காமல் முடியுமா? ஆனால் சுளுக்கு ஓரிடத்தில் நிற்கும். இது நிற்கவில்லை. முதுகெலும்புக்குப் பக்கத்தில் கிளம்பி, விலாவைச் சுற்றிக்கொண்டு, தொப்புளுக்கு வலப்புறமாக வந்து, அங்கே காய்ச்சின கம்பியை வைத்து எடுத்ததுபோல் ஒரு இழுப்பு. பிறகு கொஞ்சம் ஓய்வு. மறுபடி முதுகிலிருந்து ஆரம்பம். சேலை உரசினால்கூடத் தாங்கவில்லை. நேற்று தெருமுனை டாக்டரிடம் போய், "இங்கன இருந்து இப்படி வருது," என்று விரலால் கோடு போட்டுக் காட்டினாள். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார். பித்தப்பையில் கல் இருந்தாலும் இருக்கும் என்றார். பிறகு, "உங்க வீட்டுல யாருக்காவது வயித்துல பெருசா ஏதும் வந்திருக்கா?" என்று கேட்டார். வடிவு இல்லை என்று தலையாட்டினாள். ஏன் அப்படி ஆட்டினாள்? வாயைத் திறந்து சொன்னால் அது உண்மையாகிவிடும் என்றா? அவர் பேனாவைத் திறந்துகொண்டே, எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுவோம் என்றார். எதற்கும். அந்த ஒரு சொல் அவளோடு வீட்டுக்கு வந்தது, அவளோடு படுத்தது, இன்று காலையில் அவளோடு பஸ் ஏறியது. வீட்டில் அரிசிக்கடைக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். இட்லி அரிசி போனவாட்டி சரியில்லை, நேரில் பார்த்துத்தான் வாங்கணும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் காலேஜ் பஸ்ஸை எடுக்கிற அவசரத்தில் சரி சரி என்று போய்விட்டார். அக்கா மகள் தாரணிதான் வாசல்வரை வந்து, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, "வெறும் வயித்துல போறீங்களே சித்தி?" என்று கேட்டாள்.

அக்காவுக்கும் இப்படித்தான். வேண்டாம், அதை நினைக்க வேண்டாம், எதிரே சுவரில் ஒரு படம் இருக்கிறது, அதைப் பார்க்கலாம். படத்தில் சிவப்பாக, மஞ்சளாக, பச்சையாக ஒரு மனிதனுடைய வயிறு. தோலை உரித்து உள்ளே இருக்கிறதையெல்லாம் வரைந்து வைத்திருக்கிறார்கள். அவன் முகம் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் நேரே பார்த்துக்கொண்டிருக்கிறது. இரைப்பைக்குப் பின்னால், கொஞ்சம் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு, மக்காச்சோளக் கதிர்போல மஞ்சளாக ஒன்று. அது எது என்று வடிவுக்குத் தெரியும். அதன் பெயரைச் சொல்லமாட்டாள். ஆவுடையக்கா சமையல்கட்டில் நின்றுகொண்டு, இடுப்பில் கையை ஊன்றி, "முதுகுல இருந்து சுத்திக்கிட்டு வருதுட்டி வடிவு, வாயு போல இருக்கு," என்று சொன்ன அன்றைக்கு அந்தப் பெயர் இரண்டு பேருக்கும் தெரியாது. இஞ்சி தட்டிக் குடித்தாள். பூண்டு சுட்டுத் தின்றாள். மூன்று மாதம் கழித்து மதுரையில் ஒரு டாக்டர் பேனாவால் ஒரு தாளில் அந்த மக்காச்சோளத்தை வரைந்து, அதன் தலைப்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டார். கணையம். வந்துவிட்டது, சொல்லிவிட்டாள். சுத்திக்கிட்டு வருது. அதே வார்த்தையைத்தானே நேற்று அந்த டாக்டரிடம் இவளும் சொன்னாள்? வார்த்தைகூட மாறவில்லையே. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். மூக்கு ஒன்று, பாதத்தில் இரண்டாவது விரல் நீளம் ஒன்று, கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடுகிற குணம் ஒன்று. உள்ளே இருக்கிறதும் ஒன்றாகத்தானே இருக்கும்.

"உங்களுக்கும் கல்லா?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். பெரிய உடம்பு, மடியில் காலித் தண்ணீர் பாட்டில், தொடை இரண்டையும் சேர்த்து இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தெரியலைங்க. பாத்தாத்தான் தெரியும்."

"எனக்குக் கல்லு. இது மூணாந்தடவை. கல்லுன்னா பயப்படாதீங்க, ஆளைக் கொல்லாது. ஆனா வலி இருக்கே..." அவர் கண்ணை மூடித் திறந்தார். "கல்லு கிட்னிக்குக் கீழ கிடக்கும், வலி தொடைக்கு இறங்கும். உள்ள இருக்கிறதுக்கு இடம் காட்டத் தெரியாதுன்னு டாக்டர் சொல்லுவாரு. கையில முள்ளு குத்துனா எந்த விரல்னு கண்ண மூடிட்டுச் சொல்லிரலாம். குடலுக்கு அப்படியெல்லாம் நரம்பு கிடையாதாம். மொத்தமா வலிக்கும், எங்கயோ வலிக்கும். எங்க மச்சானுக்குக் குடல்வால் வீங்கினப்போ முதல்ல தொப்புளச் சுத்தித்தான் வலிச்சுது. நாங்க சூடுன்னு சொல்லி விளக்கெண்ணெயைத் தடவிட்டு இருந்தோம்."

"பிறகு?"

"பிறகென்ன, ஆப்பரேஷன். இப்ப நல்லா இருக்காரு," என்று அவர் சொல்வதற்குள் அந்தப் பெண் அவர் பெயரைக் கூப்பிட்டாள். அவர் பாட்டிலை நாற்காலியிலேயே போட்டுவிட்டு, அவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல அடி எடுத்து வைத்துப் போனார். இன்னொரு நேரமாக இருந்தால் வடிவுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

எங்கயோ வலிக்கும். அப்படியானால் தொப்புளுக்கு வலப்புறம் வலிப்பதால் அங்கேதான் கோளாறு என்று அர்த்தமில்லை. எங்கேயும் இருக்கலாம். பின்னால் ஒளிந்துகொண்டு முன்னால் ஆளை அனுப்பும். அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது. சேலைத் தலைப்பில் துடைத்தாள். அடிவயிறு கனக்க ஆரம்பித்திருந்தது, இது தண்ணீர், இது தெரிகிறது, இந்தக் கனம் நல்ல கனம், பழகின கனம். மற்றது? அவள் வலிக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. கொஞ்ச நேரமாகவே வரவில்லை. முதுகிலும் இல்லை, விலாவிலும் இல்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம், அவளால் முடியவில்லை. ஏனென்றால் வலி போகிறதைப் பற்றி அவளுக்குத் தெரியும். மதுரையில் அக்காவுக்குக் கடைசியாக ஒரு ஊசி போட்டார்கள். வயிற்றுக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், பெரிய ரத்தக்குழாயைச் சுற்றி நரம்பெல்லாம் வலைபோலக் கூடிக் கிடக்கிறதாம். இரைப்பைக்கு, ஈரலுக்கு, கணையத்துக்கு என்று எல்லா வலியும் அங்கே வந்துதான் மேலே போகுமாம். "உங்க ஊர் ஜங்ஷன் மாதிரிம்மா. அதை மூடிட்டா எந்த வண்டியும் மேல போகாது," என்றார் அந்த டாக்டர். நரம்பைச் சாகடிக்கிற மருந்து. அக்காவைக் குப்புறப் போட்டு, படம் பார்த்துக்கொண்டே நீள ஊசியை இறக்கினார்கள். வெளியே வடிவு நின்றாள். மறுநாள் காலையில் ஆவுடையக்கா எழுந்து உட்கார்ந்து, தலையை வாரிக் கொண்டை போட்டுக்கொண்டு, "ஏட்டி, என் வயிறு எங்க போச்சுன்னே தெரியலட்டி," என்று சிரித்தாள். இடியாப்பமும் சொதியும் கேட்டாள். மாதக்கணக்கில் ஒரு வாய் இறங்காதவள் இரண்டு இடியாப்பம் தின்றாள், விரலைச் சப்பினாள். "எனக்குச் சரியாயிட்டு. பாத்தியா, நீங்கள்லாம் அழுதீங்களே." வடிவு தட்டைக் கழுவப் போகிறவள்போல எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த மக்காச்சோளம் உள்ளே அப்படியே இருந்தது, இன்னும் பெரிதாகிக்கொண்டு. செய்தி மட்டும் வரவில்லை. அந்த மாசம் முடிவதற்குள் அக்கா போய்விட்டாள்.

அதனால்தான் இப்போது வலி இல்லாதது அவளைப் பயமுறுத்தியது. வா, என்று அவள் தனக்குள் சொன்னாள். வந்துவிடு. எங்கே போனாய்? விரலால் வலப்பக்கம் மெல்லத் தொட்டாள். சேலைக்கு மேலேதான் தொட்டாள். சுரீரென்றது. கண்ணில் தண்ணீர் வந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். பிறகு, வலிக்காவிட்டாலும் பயம், வலித்தாலும் பயம் என்றால் நான் எதற்குத்தான் வேண்டிக்கொள்வது என்று நினைத்தாள். அம்மன் சன்னதியில் போய் என்ன கேட்பது? தாரணிக்கு இது எட்டாவது மாதம். தாயில்லாப் பிள்ளைக்குத் தாய் வீடு என்று ஒன்று வேண்டும் என்று வடிவுதான் அவள் மாமியார் வீட்டுக்குப் போய்ப் பேசி, வளைகாப்பு முடிந்த கையோடு கூட்டி வந்தாள். பிரசவம், பிறகு குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது, பத்தியச் சாப்பாடு. இதற்கெல்லாம் ஆள் வேண்டும். குழந்தை குப்புற விழுகிற வரைக்கும். சரி, அதுவரைக்கும் போதும். அதற்கு மேல் கேட்கமாட்டேன். தவழும்வரை? பேராசை. ஆனால் ஆவுடையக்கா எவ்வளவு நாள் இருந்தாள், பேனாவால் வட்டம் போட்ட பிறகு? மனசு கணக்குப் போடப் பார்த்தது. அவள் அதன் கையைப் பிடித்து இழுத்தாள். அது மறுபடியும் போனது. கோயம்புத்தூரில் இருக்கிற மகன் போனில் என்ன சொல்வான்? ஒன்றும் சொல்லமாட்டான், அவனுக்கும் பேச்சு நின்றுவிடும். வீட்டுக்காரருக்கு ரசம்கூட வைக்கத் தெரியாது. வலப்பக்கம் விலாவுக்குப் பின்னால் இப்போது அரிக்கவும் செய்தது. பாவாடை நாடா. நேற்று சாயங்காலம் தாரணி வலிக்குத் தைலம் தேய்த்துவிட்டபோதே, "இங்க சிவந்திருக்கு சித்தி, பொரிப் பொரியா இருக்கு," என்று சொன்னாள். நாடா இறுக்கம், வேர்வை என்று வடிவு சொன்னாள். அந்தப் பிள்ளைக்குத்தான் எவ்வளவு மெதுவான கை. வயிறு முட்டிக்கொண்டு நிற்க, மூச்சு வாங்க, வேண்டாம்ளா என்றாலும் கேட்காமல் தேய்த்துவிட்டாள். சொல்லட்டுமா, தாரணியிடம் மட்டுமாவது? தாயைப் பறிகொடுத்த பிள்ளையிடமா?

"அம்மா, முட்டுதா?" என்று அந்தப் பெண் கேட்டாள். முட்டியது. எப்போதோ முட்டிவிட்டது. வடிவு சொல்லாமல் இருந்தாள். சொன்னால் உள்ளே போக வேண்டும். போனால் பார்த்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே இருட்டாகவும் குளிராகவும் இருந்தது. ஒரு படுக்கை, ஒரு திரை, திரைக்கு முன்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா. வடிவைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். முகத்தைத் திருப்பாமலேயே படுக்கச் சொன்னாள். சேலையை விலக்கி, நாடாவைத் தளர்த்தி, வயிற்றில் ஏதோ பசைபோல ஊற்றினார்கள். ஐஸ். பிறகு ஸ்கேன் மிஷினின் கட்டை வந்து அழுத்தியது. அமுக்கின இடமெல்லாம் சிறுநீர் இப்போது வந்துவிடும் இப்போது வந்துவிடும் என்று இருந்தது. அவள் பல்லைக் கடித்தாள். திரை டாக்டரம்மா பக்கம் திரும்பியிருந்தது. வடிவுக்குத் தெரிந்ததெல்லாம் மூக்குக்கண்ணாடியில் அதன் சாம்பல் வெளிச்சம் மட்டும்தான். அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருவம் அசைகிறதா? உதட்டைக் கடிக்கிறாளா? நம்முடைய சாவைப் பார்க்கிறவர்கள் எப்படி முகத்தை வைத்துக்கொள்வார்கள்? மூச்சை இழுத்துப் பிடிங்க. விடுங்க. இழுத்துப் பிடிங்க. கட்டை நெஞ்சுக்குழிக்குக் கீழே வந்து நின்றது. அங்கேயே நின்றது. கொஞ்சம் சாய்ந்தது, மறுபடி நின்றது. டாக்டரம்மா ஏதோ பொத்தானை அழுத்தினாள். ஏன் அங்கேயே நிற்கிறாள்? மற்ற இடத்தில் எல்லாம் ஓடிக்கொண்டுதானே இருந்தாள்? படம் எடுக்கிறாள். படம் எடுக்கிற அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது? வடிவின் காதுக்குள் ரத்தம் கிரைண்டர்போலச் சுற்றியது. மூச்சை விடச் சொல்ல மறந்துவிட்டார்கள், அல்லது சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை.

"மூச்சு விடுங்கம்மா," என்றாள் டாக்டரம்மா. "இவ்வளவு நேரமா பிடிச்சுட்டு இருப்பீங்க?"

"எங்க அக்காவுக்கு," என்றாள் வடிவு. குரல் தன்னுடையதுபோல் இல்லை. "எங்க அக்காவுக்கு அங்கனதான். கணையம். நான் அந்த டாக்டர்ட்ட சொல்லல."

கட்டை ஒரு நிமிஷம் அசையாமல் இருந்தது. பிறகு டாக்டரம்மா திரையைப் பிடித்து வடிவு பக்கமாகத் திருப்பினாள். "இந்தா, பாருங்க. இது உங்க கணையம். தலை, உடம்பு, வால். நல்லா இருக்கு. நிறையப் பேருக்கு வாயு மறைச்சிரும், உங்களுக்குத் தெளிவாத் தெரியுது, அதான் நின்னு பாத்தேன். பித்தப்பை இது. கல்லு இல்ல. ஈரல் நல்லா இருக்கு." சாம்பல் மேகம்தான் தெரிந்தது வடிவுக்கு. மேகத்துக்குள் மேகம். ஆனால் அந்த விரல் அதன்மேல் ஊர்ந்தபோது, அவள் அந்த விரலை நம்பினாள். "அப்ப வலி?" என்று கேட்டாள். "அதைத்தான் பாக்கணும். இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க."

படுத்தாள். சேலையை முதுகுப்பக்கம் இன்னும் கொஞ்சம் விலக்கினார்கள். கட்டை வந்து தொடவில்லை. டாக்டரம்மா எழுந்து விளக்கைப் போட்டாள். அதுவரைக்கும் இருட்டாக இருந்த அறையில் திடீரென்று வெளிச்சம் வந்ததும் வடிவு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"இது எப்ப வந்துச்சு?"

"எது?"

"இது உங்களுக்குத் தெரியவே தெரியாதா? விலாவுக்குப் பின்னால."

"பாவாடை நாடா..." என்று வடிவு ஆரம்பித்தாள். டாக்டரம்மா வடிவுடைய போனையே வாங்கிப் படம் எடுத்துக் காட்டினாள். தன் முதுகை அவள் பார்த்ததே இல்லை. யாரோ ஒருத்தியுடைய முதுகு. முதுகெலும்புக்குப் பக்கத்தில் தொடங்கி, விலா வளைகிற பக்கமாகச் சாய்ந்து, சிவந்த திட்டுத் திட்டாக, திட்டின்மேல் கொத்துக் கொத்தாக நீர் கோத்த முத்துகள். "அக்கி," என்றாள் டாக்டரம்மா. வடிவுக்கு முதலில் அக்கா என்று காதில் விழுந்தது. "அக்கிம்மா. உங்க வலிக்கு இதான் காரணம். வலி முதல்ல வரும், கொப்புளம் ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் வரும். அதுக்குள்ள பாவம் எல்லாரும் கல்லு, அல்சர், ஹார்ட்டுன்னு அலைஞ்சிருவாங்க. எப்படி வருதுன்னு சொல்லுங்க, வலி?" வடிவு படுத்தபடியே விரலால் முதுகிலிருந்து தொப்புள் பக்கம் வரை கோடு போட்டாள். "பாத்தீங்களா? உள்ள இருக்கிற வலியை இப்படி யாரும் கோடு போட்டுக் காட்ட முடியாது. இது ஒரே ஒரு நரம்பு. அது போற பாதையை நீங்களே வரைஞ்சு காட்டிட்டீங்க. மருந்து இருக்கு. இன்னைக்கே ஆரம்பிக்கணும், உங்களை அனுப்பின டாக்டர்ட்ட நான் போன்ல பேசுதேன். இப்ப முதல்ல பாத்ரூம் போயிட்டு வாங்க, உங்க மூஞ்சியே சரியில்ல."

பாத்ரூமில் வடிவு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். உடம்பு தன்பாட்டுக்கு இளகி, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு தண்ணீர் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருக்க, அது நின்ற பிறகு கண்ணிலிருந்து வர ஆரம்பித்தது. சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டாள். எனக்கு இல்லை. எனக்கு இல்லை அக்கா. உனக்கு இருந்தது, எனக்கு இல்லை. இதை யாரிடம் சொல்லிச் சந்தோஷப்படுவது? பிறகு முகத்தைக் கழுவி நிமிர்ந்தபோது, அடுத்த பயம் கண்ணாடிக்குள்ளேயே அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்ததுபோல் வந்து நின்றது. அக்கி இரண்டு பக்கமும் சுற்றி வந்து தலையும் வாலும் சேர்ந்துவிட்டால் ஆள் தேறாது என்று சொல்வார்களே. முதுகிலிருந்து கிளம்பி முன்னால் வந்துகொண்டிருக்கிறது. தொப்புள்வரை வந்துவிட்டது. மீதிப் பாதிதானே?

திரும்ப உள்ளே போய் அதைக் கேட்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. எழுந்து வெளியே வந்து, சுவரில் இருந்த அந்தத் தோல் உரித்த மனிதனுக்குப் பக்கத்தில் வடிவை நிறுத்திவைத்தாள். "வயித்துத் தோலுக்கு நரம்பு எப்படி வருதுன்னா, முதுகெலும்புல இருந்து வலப்பக்கம் ஒண்ணு, இடப்பக்கம் ஒண்ணு, சோடி சோடியாக் கிளம்பும். விலா எலும்போட கூடவே சாஞ்சு முன்னால வரும். மேல இருக்கிறது நெஞ்சுக்குழிக்கு, நடுவுல உள்ளது தொப்புளுக்கு, கீழ உள்ளது இடுப்புக்கு. வலப்பக்கத்து நரம்பு இந்த நடுக்கோடு வரைக்கும்தான் வரும்." அவள் விரல் அந்த மனிதனின் நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வழியாக நேராகக் கீழே இறங்கியது. "இதோட முடிஞ்சுது. அந்தப் பக்கம் வேற நரம்பு. இந்தக் கிருமி நரம்பு வழியாத்தான் போகும், நரம்பு நின்ன இடத்துல நிக்கும். சுத்தி வந்து முட்டாதும்மா. நீங்க சின்னதுல அம்மை போட்டுப் படுத்திருப்பீங்க. அம்மை இறங்கினாலும் கிருமி போகாம நரம்போட வேர்ல போய் ஒளிஞ்சுக்கிடும். உடம்பு அசந்த நேரம் பாத்து, அந்த ஒரு நரம்பைப் பிடிச்சுட்டு வெளிய வருது. வலி கொஞ்ச நாள் இருக்கும், சிலருக்கு மாசக்கணக்காக்கூட இருக்கும்." இருக்கட்டும் என்று வடிவு நினைத்தாள். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். தன் வயிற்றின் நடுவே சேலைக்கு மேலாக ஒரு விரலை வைத்துப் பார்த்தாள். இதுவரைக்கும். இதற்கு மேல் வராது. வாசலில் ஒரு கோடு போட்டதுபோல.

"வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?" என்று டாக்டரம்மா கேட்டாள். "கைக்குழந்தை, மாசமா இருக்கிறவங்க யாரும் உண்டா?"

வடிவு வயிற்றில் வைத்திருந்த விரலை எடுத்தாள்.

"கொப்புளத் தண்ணி பட்டா அவங்களுக்கு அம்மையா வரும். ஏற்கெனவே அம்மை வந்தவங்கன்னா பயமில்ல. வராதவங்கன்னா, மாசமா இருக்கிறப்ப அது நல்லதில்ல, அவங்க டாக்டர்ட்ட உடனே சொல்லணும், ஊசி இருக்கு. அம்மா? கேக்குதா?"

பொரிப் பொரியா இருக்கு சித்தி. அந்த மெதுவான கை. தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டு, அந்தக் கையாலேயே நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். வடிவு வெளியே வந்தாள். வெயில். எதிரே ஜூஸ்கடையில் மிக்ஸி ஓடியது. போனை எடுத்துத் தாரணிக்குப் போட்டாள். இவ்வளவு நேரம் பட்ட பயமெல்லாம் ஒன்றுமே இல்லை, அது தனக்காகப் பட்ட பயம். இது வேறு. இதற்குக் கீழே தரையே இல்லை. தாயைத்தான் பறிகொடுத்தாள், இருக்கிறதையும் நான் கெடுத்துவிட்டேனா? தாய் வீடு என்று கூட்டி வந்து, என் முதுகைக் காட்டி உட்கார்ந்தேனா?

"சித்தி, அரிசி வாங்கியாச்சா?" என்றாள் தாரணி.

"தாரணி, உனக்குச் சின்னதுல அம்மை வந்திருக்கா? வெளாட்டம்மை, நீர்க்கொளுவான், ஏதாவது?"

"ஏன் சித்தி? தெரியலையே. இருங்க, அம்மாட்ட கேட்டு..." என்றாள். அப்புறம் நின்றுவிட்டாள். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

கேட்க ஆள் இல்லை. அக்காவுக்குத்தான் தெரியும். பிள்ளைகளுக்கு எப்போது பல் முளைத்தது, எப்போது அம்மை போட்டது என்று தாய்க்குத்தான் தெரியும், அவள் அதையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இல்லை, இரு. அக்காவின் அம்பாசமுத்திரம் வீடு. வாசலில் வேப்பிலை. வடிவு இளநீரும் நுங்கும் வாங்கிக்கொண்டு போயிருந்தாள், அப்போது வடிவு மகனை வயிற்றில் சுமந்துகொண்டு முழுகாமல் இருந்தாள், ஆவுடையக்கா நிலைப்படியில் நின்றுகொண்டு இரண்டு கையையும் விரித்து, "உள்ள வராதட்டி, அங்கனயே நில்லு," என்று கத்தினாள். உள்ளே ஒரு பிள்ளை அழுதது. எந்தப் பிள்ளை? இவளா, இவள் அண்ணனா? பாயில் பழைய வேட்டி விரித்து, தலைமாட்டில் வேப்பங்கொத்து. சொறியக்கூடாது என்று அக்கா அந்தக் கைகளுக்குத் துணி சுற்றியிருந்தாள். அண்ணனா? அவன் அப்போது ஸ்கூலுக்குப் போயிருந்தான், இல்லையா, சைக்கிள் வாசலில் இல்லை. சைக்கிள் இருந்ததா? நினைப்பு வழுக்கியது. அவள் அதை விடாமல் பிடித்தாள். வெயில், நிலைப்படி, அக்காவின் கலைந்த தலை. அந்தப் பிள்ளை தலையைப் பாயில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தது, காது அரிக்கிறது காது அரிக்கிறது என்று. கையைக் கட்டினாலும் பாயில் தேய்த்தே ஒரு கொப்புளத்தைப் பிய்த்துவிட்டது. "பொட்டப்பிள்ளை, தழும்பு விழுந்திருமே," என்று அக்கா அங்கே நின்றுகொண்டு அழுதாள். "போகட்டும், காதுக்குப் பின்னாலதானே, சடையில மறைஞ்சிரும்," என்று வாசலிலிருந்து வடிவுதான் சொன்னாள். வடிவேதான் சொன்னாள்.

"தாரணி, நான் சொல்லுததைச் செய்யி. வலது காதுக்குப் பின்னால, முடி முளைக்கிற இடத்துல, விரலை வச்சுப் பாரு. மெதுவாத் தடவு."

அந்தப் பக்கம் கண்ணாடி வளையல்கள் சரிகிற சத்தம் கேட்டது. வடிவு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணும் இல்லையே சித்தி."

"இன்னும் கொஞ்சம் மேல."

வளையல் சத்தம்.

"இருக்கு," என்றாள் தாரணி. "சின்னக் குழியா ஒண்ணு இருக்கு. இது எப்படி வந்துச்சு சித்தி?"

வடிவு ஜூஸ்கடைச் சுவரில் சாய்ந்தாள். எரிந்தது. நகராமல் சாய்ந்தபடியே நின்று, அம்மைக் கதையையும், கைக்குத் துணி சுற்றினதையும், உங்க அம்மா நிலைப்படியில் நின்று அழுததையும் சொன்னாள். தன் முதுகில் இருப்பது என்னவென்று சொன்னாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாள், உன் டாக்டரிடம் இப்பவே போன் போட்டு விவரத்தைச் சொல்லு, ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னாலும் பார்த்துவிடுவோம் என்றாள், இன்றைக்கு நான் மாடி ரூமில் படுத்துக்கொள்கிறேன், நீ பக்கத்தில் வரக்கூடாது, வந்தால் அடிப்பேன் என்றாள்.

"ஏளா, கேக்குதா? கையைக் கழுவினியா?"

"கழுவுதேன் சித்தி," என்றாள் தாரணி. "இன்னும் அந்தத் தழும்புல இருந்து கையை எடுக்கல."